இருநூற்றுப் பதினாலின் ரத்தம்

— முப்பத்தஞ்சுதான் இருக்கு.

— சரியாத்தான் எண்ணிருக்க.

— இந்த வருஷ இருதயச் சோதனைக்கு முப்பத்தாறு பேருக்கு ரத்தம் எடுத்தேன் நசீமாக்கா. முப்பத்தாறு ரிசல்ட்டுக் கவரு வேணும். ஒண்ணு எங்க?

— எங்கிட்ட இருக்கு.

— அதையும் குடுங்க. நான் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, கம்பம் பஸ்ஸப் புடிச்சு, அங்கன எறங்கி டவுன் பஸ்ஸு மாறி, இருட்டுறதுக்குள்ள காமயகவுண்டன்பட்டி போயிச் சேரணும். வீடு வீடாக் கவரு குடுக்கணும்.

— அந்த ஒரு கவரு வராது அனுஷ்கா.

— ஏன்?

— ஏன்னு எனக்கே தெரியல. அதான் ஆத்திரம் ஆத்திரமா வருது. பதினொரு வருஷமா ரத்தத்தோட பொழங்குறேன். ஒரு தாளு என்னைய இப்பிடி முட்டாளாக்குனது இல்ல. இங்கன வா. இதப் பாரு. இருநூத்திப் பதினாலு.

— ...அதுக்கென்ன?

— யாரு இந்த இருநூத்திப் பதினாலு?

— எனக்கு எப்பிடித் தெரியும்? எத்தன நம்பரு...

— உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? பேரும் நம்பரும் சேந்து எழுதுன நோட்டு ரெண்டு எடத்துலதான் இருக்கு. ஒண்ணு டாக்டர் பீரோவுல. இன்னொண்ணு ஃபீல்டு நர்ஸ் உன் பையில. லேபுக்கு வாரது நம்பரு, வயசு, ஆணா பொண்ணா. அம்புட்டுத்தான். யாரு ரத்தம்னு நான் தெரிஞ்சுக்கக் கூடாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும்.

— அப்ப ஏன் இப்பத் தெரிஞ்சுக்கணுங்குறீக? சட்டம் போட்டவுகளே சட்டத்த மீறலாமா?

— வாய் ரொம்ப நீளுது. வேலைக்குச் சேந்து அஞ்சு மாசந்தான ஆகுது?

— அஞ்சு மாசம் ஆனவளுக்கு வாய் இருக்கக் கூடாதா?

— இருக்கட்டும். அந்த வாயாலயே இந்த ரெண்டு வரிய வாசி. மேல இருக்குறது போன வருஷம், உனக்கு முன்னாடி இருந்த பிரின்ஸ் எடுத்த ரத்தம். கீழ இருக்குறது நீ எடுத்தது. ஒரே ஆளு. ஆம்பள. அம்பத்தோரு வயசு.

— ...கெட்ட கொழுப்பு இருநூத்திப் பன்னண்டு. இப்பத் தொண்ணூத்தெட்டு.

— ம்.

— மூணு மாசச் சர்க்கரை ஒம்போது புள்ளி ஒண்ணு. இப்ப அஞ்சு புள்ளி நாலு. நல்ல விசயந்தானக்கா! மனுசன் திருந்திட்டாரு. நீங்க இனிப்பு வாங்கிக் குடுக்காம இப்பிடிக் கத்துறீக.

— திருந்திட்டாரா? நம்ம டாக்டரு குடுக்குற மாத்திரைய வாங்க ஒரு நாளு கூட அந்தாளு வரல. ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து இல்ல.

— வெளிய வாங்கிருப்பாரு. இல்லன்னா சோத்தக் கொறச்சிருப்பாரு. ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு பட்டினி கெடந்துருப்பாரு.

— பட்டினி கெடந்தா அன்னைக்குச் சர்க்கரை கொறையும். மூணு மாசச் சர்க்கரை கொறையாது. ஏன்னு சொல்லு, நீ நர்ஸுக்குத்தான படிச்ச?

— பரீட்ச வைக்கிற நேரமாக்கா இது?

— சொல்லலன்னா நான் சொல்றேன். செவப்பணு மேல சர்க்கரை போயி ஒட்டிக்கிரும். ஒட்டுனா விடாது. அந்த அணு மூணு மாசம் உசுரோட ரத்தத்துல சுத்துது. சுத்துற வரைக்கும் அது சாட்சி. முந்தா நாளு அல்வாவத் தின்னுட்டு நேத்துப் பட்டினி கெடந்தாலும், "இந்தாளு மாசியிலயே தின்னாரு"ன்னு அது சொல்லிரும். ஏமாத்த முடியாது.

— ஏமாத்துறது, ஏமாத்துறது... யாரு இப்ப ஏமாத்துனா?

— நான் அத இன்னும் சொல்லவே இல்லையே. நீ ஏன் துள்ளுற?

— நீங்க பாக்குற பார்வை அப்பிடி இருக்கு.

— சரி விடு. கொழுப்பு கொறஞ்சது, சர்க்கரை கொறஞ்சது, ரெண்டையும் உனக்காகக் கண்ண மூடிக்கிட்டு ஒத்துக்கிறேன். அடுத்த வரியப் படி. ஹீமோகுளோபின்.

— போன வருஷம் பதினஞ்சு புள்ளி ரெண்டு. இப்ப... ஒம்போது புள்ளி ஆறு.

— எந்தப் பத்தியம் இருந்தா ரத்தம் இப்பிடி வத்தும்? அம்பத்தோரு வயசு ஆம்பளைக்கு ஒரு வருஷத்துல அஞ்சரை கிராம் எறங்கிருக்கு. ஆம்பளைக்கு மாசாமாசம் போற வழியும் இல்ல. அப்ப அது எங்க போச்சு?

— சரியாச் சாப்பிடாம இருந்துருப்பாரு...

— சாப்பாட்டால இம்புட்டு எறங்காது. வயித்துக்குள்ள எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். குடல்ல புண்ணா இருக்கும், இல்ல கேன்சரா இருக்கும். நேத்து டாக்டர்கிட்டத் தாளக் காட்டுனேன். எந்திரிச்சு நின்னுட்டாக. "திங்கக்கெழம மதுரைக்கு அனுப்பிருவோம், வாய் வழியா ஒரு குழாயி, அடி வழியா ஒரு குழாயி, ரெண்டையும் விட்டுப் பாத்துருவோம்"னு சொல்லிட்டாக.

— என்னது? குழாயா? அவருக்கா?

— ஆமா.

— அதெல்லாம் வேணாம்க்கா! அவரு வயித்துல ஒண்ணும் கெடையாது! கல்லத் தின்னாலும் செரிக்குற வயிறு!

— அப்பிடியா? யாருன்னே தெரியாதுன்ன. வயிறு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்க.

— ...ஊருக்காரரு. பாத்துருக்கேன்.

— ஊருக்காரரு. சரி. இப்ப உண்மையச் சொல்லு. ரத்தம் எடுத்த குழாய மாத்திட்டியா? அவசரத்துல ஒருத்தரு ஸ்டிக்கர இன்னொருத்தரு குழாயில ஒட்டிட்டியா? தப்புன்னா தப்புன்னு சொல்லு. திட்டுவேன், ஆனா புரிஞ்சுக்குவேன்.

— ஆமாக்கா. அதான். மாத்தி ஒட்டிருப்பேன். அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. திராட்சத் தோட்டத்துக்குப் போறவுக எல்லாம் "சீக்கிரம் குத்துத்தா, நேரமாச்சு"ன்னு ஒரே சத்தம். மாறிப்போச்சு போல. நான் மறுபடியும் போயி எடுத்துட்டு வாரேன். அந்தக் கவர மட்டும் இப்பக் குடுத்துருங்க.

— பொய்.

— அக்கா!

— பச்சப் பொய். ஏன்னு கேளு. ரெண்டு குழாயி மாறிருந்தா, அவரு ரத்தம் வேற ஒருத்தரு நம்பர்ல வந்துருக்கணும். கொழுப்பு இருநூறுக்கு மேல, சர்க்கரை ஒம்போது, ரத்தம் பதினஞ்சு... அப்பிடி ஒரு குழாயி மத்த முப்பத்தஞ்சுல எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கணும். முப்பத்தஞ்சையும் திரும்ப ஓட்டிப் பாத்தேன். இல்ல.

— மிஷினு கெட்டுப்போச்சோ என்னமோ.

— என் மிஷினக் கொற சொல்லாத. தெனமும் காலையில அளவு தெரிஞ்ச ரத்தத்தத்தான் மொதல்ல அதுக்குக் குடுப்பேன். அது சரியான விடை சொன்னாத்தான் உங்க ரத்தத்தயே உள்ள விடுவேன். அன்னைக்கும் சரியாச் சொல்லுச்சு. மிஷினு நல்லா இருக்கு. போன வருஷ ரத்தம் மாதிரி ஒண்ணு இந்த வருஷம் லேபுக்கு வரவே இல்ல.

— அப்ப நான் வேற யாரு ரத்தத்தையோ ஊத்தி எடுத்துட்டு வந்தேங்குறீக. திருடிங்குறீக. நேராச் சொல்லிருங்க. வேலைய விட்டு எடுக்கணும், அதான? எடுத்துக்கோங்க! இந்தாங்க நோட்டு, இந்தாங்க ஐஸ் பெட்டி!

— பெட்டியப் போட்டு ஒடைக்காத. உக்காரு.

— உக்கார மாட்டேன்.

— நின்னுக்கிட்டே கேளு அப்ப. மொதல்ல நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அணுவெல்லாம் சின்னச் சின்னதா இருக்கு, இரும்புச்சத்து இல்ல. இது வயசுப் பொம்பளப் புள்ள ரத்தம்னு என் பதினொரு வருஷம் சொல்லுச்சு. உன்னைய ஃபோன்லயே கிழிச்சுத் தொங்க விடணும்னு கையில எடுத்துட்டேன். அப்பத்தான் கடைசி வரி கண்ணுல பட்டுச்சு.

— என்ன கடைசி வரி?

— எல்பி-ஏ. போன வருஷம் நூத்திப் பதினெட்டு. இந்த வருஷம் நூத்திப் பன்னண்டு.

— அது கொறையலயா?

— கொறையாது. அதுதான் விசயமே. அதுக்குப் பத்தியமும் தெரியாது, ஓட்டமும் தெரியாது. நம்மகிட்ட இருக்குற மாத்திரையும் அத அசைக்காது. பொறக்கும்போது எவ்வளவோ, சாகுற வரைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நூறுக்கு மேல இருக்குறவுக நூத்துல நாலஞ்சு பேருகூடத் தேற மாட்டாக. அதனாலதான் எனக்கு அது கைரேக மாதிரி. வேற ஆளு ரத்தம்னா இது எப்பிடிப் பொருந்துச்சு? அதே ஆளு ரத்தம்னா மத்ததெல்லாம் எப்பிடி மாறுச்சு? நாலு நாளா இதான் என் தலையப் போட்டு ஒடைக்குது.

— ...நீங்களே அதே ஆளுதான்னு சொல்லிட்டீகல்ல. அப்ப முடிஞ்சுபோச்சு. கவரக் குடுங்க.

— உனக்கு அந்த எழவு கவருமேல என்னடி அம்புட்டு ஆச? அதுல என்ன எழுதிருக்குன்னு தெரியுமா? "ஆபத்து குறைவு"ன்னு எழுதிருக்கு. கம்ப்யூட்டரு அந்தாளப் பச்சைக்கு மாத்திருச்சு. இனிமே டாக்டரு அவர இருதயத்துக்குன்னு கூப்புட மாட்டாக. போன வருஷ ரத்தம் அவரு உடம்புல இப்பவும் ஓடிக்கிட்டு இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? எல்பி-ஏன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?

— தெரிய வேணாம்.

— தெரியணும். கொழுப்பு தண்ணியில கரையாது. ரத்தமோ பாதிக்கு மேல தண்ணி. அதனால ஈரலு கொழுப்ப உருண்டை உருண்டையாக் கட்டி ஏத்தி அனுப்புது. ஒவ்வொரு உருண்டையும் ஒரு ஜீப்புன்னு வச்சுக்க. சில பேருக்கு அந்த ஜீப்புக்குப் பின்னாடி ஒரு சங்கிலி தொங்கும், நுனியில கொக்கி. அதான் எல்பி-ஏ. போற வழியெல்லாம் ரத்தக்குழாயிச் சுவத்துல மாட்டும், கிழிக்கும், மாட்டுன எடத்துல சரக்க எறக்கும். சர்க்கரையும் சேந்துக்கிட்டா அந்தச் சுவரு ஏற்கெனவே புண்ணு. ஒரு ஜீப்பு நின்னா, பின்னாடி வார ஜீப்பும் நின்னு...

— ஜீப்பப் பத்திப் பேசாதீக!

— ...என்னத்தா?

— உலகத்துல வேற வண்டியே இல்லையா உங்களுக்கு? லாரின்னு சொல்லுங்க, மாட்டு வண்டின்னு சொல்லுங்க. ஜீப்பு மட்டும் வேணாம்.

— ஜீப்பு உன்னைய என்ன பண்ணுச்சு?

— என்னைய ஒண்ணும் பண்ணல. அவருக்கு அதான் பொழப்பு. போதுமா? இருநூத்திப் பதினாலு ஜீப்பு டிரைவரு. இருவத்திரண்டு வருஷமா கம்பமெட்டு மலை ரோட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டுப் போன மனுசன். விடியுறதுக்கு முன்னாடி ஏத்துவாரு, சாயங்காலம் எறக்குவாரு. ஒரு வளைவுல கூட ஒரு கீறல் விழுந்தது கெடையாது. நீங்க அனுப்புனீகளே போன வருஷம் ஒரு கவரு... அதோட போச்சு.

— கவரு என்ன பண்ணும்?

— கேக்குறீகளா? கேளுங்க. ஜீப்புக்காரங்களுக்கு வீட்டுல கடுதாசி குடுக்க முடியாது, வீட்டுல இருக்க மாட்டாக. எல்லாத்தையும் ஜீப்பு ஸ்டாண்டுலதான் குடுப்பாக. பேங்க் கடுதாசி, ஆர்.டி.ஓ. கடுதாசி, கல்யாணப் பத்திரிக எல்லாம் அங்கனதான். பிரின்ஸும் அங்கன கொண்டுபோயி ஜீப்பு மொதலாளி அம்மாவாசி கையில குடுத்துட்டாரு. சும்மா ஒரு வெள்ளக் கவரா இருந்தா அவரு மேசையில போட்டுட்டுப் போயிருப்பாரு. அதுமேல உள்ளங்கை அகலத்துக்குச் செவப்பு ஸ்டிக்கரு. "அவசரம், இருதயம்"னு கொட்ட எழுத்துல. பிரிக்காம இருப்பாரா? பிரிச்சு, சத்தம் போட்டு வாசிச்சிருக்காரு. சுத்தி நின்னு அத்தன பேரும் கேட்டுருக்காக.

— யா அல்லா...

— மறுநாளு விடியக்காலம் பொம்பளையாளுக வண்டியில ஏற மாட்டேன்னுட்டாக. "நெஞ்சு வலிக்காரரு வண்டி, வளைவுல சாஞ்சுட்டாருன்னா பதினாலு பேரும் பள்ளத்துல"ன்னு. அவுகளையும் தப்புச் சொல்ல முடியாது, அவுகளுக்கும் புள்ளகுட்டி இருக்கு. அம்மாவாசி சாவிய வாங்கிட்டாரு. "அடுத்த வருஷம் அதே எடத்துல இருந்து நல்ல தாளு கொண்டா, வண்டிய எடு"ன்னாரு. இந்த ஞாயித்துக்கெழம வரைக்குந்தான் கெடு. இல்லன்னா வண்டி இன்னொரு டிரைவரு சுருளிராஜனுக்குன்னு பேசி முடிச்சாச்சு. இப்பப் புரியுதா எனக்கு எதுக்குக் கவருன்னு?

— அதுக்காக வேற ரத்தத்த...

— அந்தச் செவப்பு ஸ்டிக்கரு யாரு யோசன? அத மொதல்லச் சொல்லுங்க. ஒருத்தரு வயித்துலடிக்கணும்னு எந்தப் புண்ணியவான் ஒக்காந்து யோசிச்சாரு? டாக்டரா? பிரின்ஸா?

— நான்.

— ...நீங்களா?

— நாந்தான். கடையில போயி கலரு பாத்து வாங்கி, என் கையாலதான் ஒட்டுனேன். அதுக்காக உன்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனைக்காத.

— நெஞ்சழுத்தம் ரொம்பத்தான்க்கா உங்களுக்கு!

— எம்பத்தேழுன்னு ஒரு நம்பரு இருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம். சர்க்கரை பதினொண்ணு. வெள்ளக் கவருல அனுப்புனேன். அது பிரின்ஸ் பையில பதினெட்டு நாளு கெடந்துச்சு, மத்தக் கவருகளோட சேந்து. அவனுக்கு எது அவசரம்னு எப்பிடித் தெரியும்? எல்லாம் வெள்ள. பத்தொம்பதாவது நாளு அந்தாளு திராட்சப் பந்தலுக்குக் கீழ மருந்தடிக்கிற டேங்கோட விழுந்தவரு எந்திரிக்கவே இல்ல. அவரு பேரு எனக்கு அதுக்குப் பெறகுதான் தெரியும். அதனாலதான் செவப்பு. யாரு கண்ணுக்கும் தப்பக் கூடாதுன்னு செவப்பு.

— தப்பலயே. ஒருத்தரு கண்ணுக்கும் தப்பல. ஊரே பாத்துச்சு. இப்ப அவரு என்ன பண்றாரு தெரியுமா உங்களுக்கு? கம்பத்துல ஏலக்காய்க் கிட்டங்கியில மூட்ட தூக்குறாரு. ஐம்பது கிலோ மூட்ட. மாடிப்படி ஏறி.

— மூட்டையா? இந்த நெஞ்ச வச்சுக்கிட்டா?

— ஸ்டியரிங்க் புடிச்ச கைக்கு வேற என்ன குடுப்பாக? நீங்க அவரு நெஞ்சக் காப்பாத்துறேன்னு ஸ்டிக்கரு ஒட்டுனீக. அந்த ஸ்டிக்கருதான் அவரு முதுகுல மூட்டைய ஏத்துச்சு.

— மாத்திரை? வாய்விட்டுக் கேக்குறேன், மாத்திரையாச்சும்...

— ஒண்ணு கூடத் தொடல. "மாத்திர சாப்பிடுறத யாராச்சும் பாத்தா, நான் சீக்காளின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி"ங்குறாரு. இந்த வருஷம் ஊசின்னு சொன்ன ஒடனே தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு. கையக் கூட நீட்டல.

— நெஞ்சு ஏதும் சொல்லுதா? வலி, மூச்சு?

— ...எடது தோள்ல தைலம் தேச்சுக்கிறாரு. மூட்ட தூக்குன வலின்னு சொல்றாரு.

— எப்ப வருது? தூக்கும்போதா, தூக்கி வச்சுட்டு வந்து படுத்த பெறகா?

— படியேறும்போது. நின்னா போயிருது.

— நின்னா போயிருதா.

— ஆமா. அதான் ஒண்ணுமில்லைங்குறாரு.

— அடி கிறுக்கச்சி! தசை வலின்னா நின்னாலும் இருக்கும், மறுநாளும் இருக்கும். ஏறும்போது வந்து நின்னா போற வலி தசையில வாரது இல்ல. நெஞ்சு அதிகமா ரத்தம் கேக்குது, குழாயி சுருங்கிப்போயி குடுக்க முடியல. நின்னா நெஞ்சு கம்மியாக் கேக்குது, வலி போயிருது. நீ நர்ஸு! இது உனக்குத் தெரியாதா?

— தெரியும்! தெரியும்க்கா! தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்றீக? சொன்னாக் கேக்குற ஆளா அவரு? "வண்டி கெடச்சா மூட்ட தூக்க மாட்டேன், மூட்ட தூக்கலன்னா வலிக்காது"ன்னு கணக்குச் சொல்றாரு. ஒரு கவரு. ஒரே ஒரு நல்ல கவரு. அது கெடச்சா மூட்டையிலருந்து எறங்கிருவாரு. அதுக்குத்தான்...

— அதுக்குத்தான் நெஞ்சு நல்லாருக்குன்னு ஒரு ரத்தத்தக் கொண்டாந்த. அது அவருக்கு வயித்துல கேன்சரக் குடுத்துருச்சு. நல்ல வைத்தியம்.

— கேலி பண்ணாதீக.

— கேலி இல்ல. வயிறு எரியுது எனக்கு. சரி... இரு. இரு. வேற ஆளு ரத்தந்தான்னு நீயே சொல்லிட்ட. அப்ப இந்த நூத்திப் பன்னண்டு எங்க இருந்து வந்துச்சு? வேற ஆளுக்கு அதே சங்கிலி, அதே கொக்கி... பொறக்கும்போதே வாரது... ஏ புள்ள.

— என்ன?

— அவருக்குப் புள்ளைக இருக்கா?

— ...இருக்கு.

— பொம்பளப் புள்ளையா?

— ஒரே பொண்ணு.

— என்ன வயசு?

— இருபத்திமூணு.

— ச்சே! நாலு நாளு! நாலு நாளு இத யோசிக்காம மிஷினத் தொடச்சுக்கிட்டு உக்காந்துருந்தேனே! எல்பி-ஏவ எவ்வளவு செய்யணும்னு ஈரலுக்குச் சொல்ற சீட்டு நமக்கு ரெண்டு வருது. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. அப்பாகிட்ட இருக்குற ரெண்டுல எது வரும்னு யாருக்கும் தெரியாது, காசச் சுண்டுற மாதிரி. அந்தப் பொண்ணுக்கு மோசமான சீட்டு விழுந்துருக்கு. இதான் விடை. கைரேக ஒண்ணா இருந்ததுக்குக் காரணம் ஆளு ஒண்ணுங்குறது இல்ல, அப்பனும் மகளுங்குறது.

— அப்ப... அந்தப் பொண்ணுக்கும் அது இருக்கா?

— தாளுல இருக்கே. நூத்திப் பன்னண்டு.

— கொழுப்பு தொண்ணூத்தெட்டுதானக்கா? சர்க்கரை நல்லாத்தான இருக்கு? நல்ல ரத்தம்னுதான...

— நல்ல ரத்தம்னுதான் அவளும் நெனச்சுக் குடுத்துருப்பா. அவள யாரு சோதிச்சா? இருபத்திமூணு வயசுல ஒண்ணும் தெரியாது. சங்கிலி சத்தம் போடாது. நாப்பது வயசுக்கு மேல ஒரு நாளு மாட்டும். இப்பவே தெரிஞ்சா சர்க்கரைய ஏற விடாம, அழுத்தத்த ஏற விடாம, கெட்ட கொழுப்ப இன்னும் கீழ புடிச்சு வச்சிருந்து எம்பது வயசு வரைக்கும் ஓட்டலாம். தெரியாமப் போனா? ரத்தமும் இல்ல அவளுக்கு, படியேறுனா மூச்சு வாங்கும். இரும்பு மாத்திரைக்குக்கூட ஆளு இல்ல, ஏன்னா அவ தாளுல அவ அப்பன் நம்பரு இருக்கு! என்ன பண்ணிருக்க தெரியுமா அனுஷ்கா? ஒரு குழாயில ரெண்டு பேரு ஆபத்தையும் ஒளிச்சு வச்சிருக்க. அப்பன் ரத்தத்த யாரும் பாக்கல. மகளு ரத்தம் மகளுதுன்னு யாருக்கும் தெரியல. நான் இந்தக் கவர உன் கையில குடுத்துருந்தா ரெண்டு பேரையும் சேத்து மூடிருப்பேன்.

— கத்தாதீகக்கா... கொஞ்சம் மெதுவா.

— மெதுவாத்தான் சொல்றேன். கேளு. செவப்பு ஸ்டிக்கரு இன்னையோட முடிஞ்சது. இனிமே எல்லாக் கவரும் வெள்ள, எல்லாம் ஒட்டுன கவரு, ஆளு கையில மட்டுந்தான் குடுக்கணும். அவசரம்னா கவரே கெடையாது, நானே ஃபோனப் போட்டுப் பேசுவேன். சட்டம் என்ன சொன்னாலும் சரி.

— அவரு வண்டி?

— டாக்டர்கிட்ட நான் பேசுறேன். நடக்க விட்டு நெஞ்சுக்கு டெஸ்ட்டு எடுத்து, மாத்திர குடுத்து, குழாயி எப்பிடி இருக்குன்னு பாத்து... ஓட்டலாம்னா ஓட்டலாம்னு எழுதிக் குடுப்பாக. கூடாதுன்னா கூடாதுன்னுதான் எழுதுவாக. பொய்யா ஒரு சொல்லு நான் தர மாட்டேன். அம்மாவாசிகிட்ட வேணும்னா நான் வந்து பேசுறேன், கெடுவத் தள்ளி வைங்கன்னு. ஒட்டுனவ நாந்தான்னும் சொல்றேன். அவரு வையட்டும்.

— வைவாரு. நல்லா வைவாரு.

— வாங்கிக்கிறேன். ஆனா நாளைக்குக் காலையில அந்தாளு மூட்டையத் தொடக் கூடாது. படியேறக் கூடாது. அதுக்கு எனக்கு ஆளு வேணும், பேரு வேணும். அந்தப் பொண்ணையும் பாக்கணும். நீ நோட்டத் தொறக்குறியா, இல்ல நான் டாக்டர் பீரோவுக்குப் போகட்டுமா?

— நோட்டு வேணாம்க்கா, பீரோவும் வேணாம். இருநூத்திப் பதினாலு எங்கப்பா சீனிச்சாமி. அந்தக் குழாயில இருக்குறது என் ரத்தம். முகாம் நடந்த பஞ்சாயத்து ஆபீஸ் ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு என் கையில நானே குத்தி எடுத்தேன். அந்தக் கவரக் கிழிச்சுப் போடுங்க, மதுரைக்குச் சொன்னத வேணாம்னு டாக்டர்கிட்டச் சொல்லிருங்க. எங்கப்பாவ இப்பவே ஃபோன்ல கூப்புட்டு, மூட்டைய எறக்கி வச்சுட்டு உக்காருங்கன்னு சொல்றேன். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வெறும் வயித்தோட இங்கன வந்துருவோம். அவரு குழாயில அவரு ரத்தத்த எடுங்க. எனக்கு ஒரு புது நம்பரு போட்டு, என் ரத்தத்தத் தனியா எடுங்க.